குறட்டை விடும் பசு: வேப்பேரியில் பெயர் வைத்த புழுவா?

கொடுங்கையூர் பால்காரர்
செவ்வாய், இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். கொடுங்கையூரில் ஏழு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். அவற்றில் லட்சுமி என்று ஒரு கலப்பினப் பசு, நான்காம் ஈற்று. இரண்டு மாதமாகக் குறட்டை விடுகிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இரவில் கொட்டகைப் பக்கம் போனால் மரம் அறுப்பதுபோல் சத்தம். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் அப்பாவை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அக்கறையாகச் சொன்னார். அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது.

இடது மூக்கில் கெட்டியான சளி ஒழுகுகிறது. சில நாள் அதில் நூல்போல் ரத்தம். தீனி குறையவில்லை, பால் ஒன்றரை லிட்டர் குறைந்துவிட்டது. சளிக்கு என்று சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்தோம். மிளகு, மஞ்சள், வெற்றிலை எல்லாம் அரைத்தும் கொடுத்தாயிற்று. என் பாட்டி இதை மூக்கடைப்பான் என்பாள்.

நேற்று என் மகள் எங்கோ படித்துவிட்டு, "இது மூக்குக்குள் இருக்கும் புழுவப்பா. இதற்குப் பெயர் வைத்தவர் நம் வேப்பேரி மாட்டு ஆஸ்பத்திரிக் கல்லூரியில் இருந்தவர், 1933-ல்" என்கிறாள். மூக்கில் புழுவா? ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் கண்ட சங்கதி தொண்ணூறு வருடமாகியும் என் கொட்டகைக்கு வந்து சேரவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வேப்பேரி
புதன், காலை 5.40

தம்பி, மகள் சொன்னது சரி. நான் அந்தக் கல்லூரியில் படித்து, முப்பத்திரண்டு வருடம் அரசுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவன். ஒட்டுண்ணியியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் "சிஸ்டோசோமா நாசாலே ராவ், 1933" என்று எழுதிவிட்டு, ராவ் என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போடுவார். ஓர் உயிரினத்தை முதலில் முறையாக விவரித்தவரின் பெயரை அதன் வாலில் சேர்ப்பது விலங்கியல் வழக்கம். அந்த ராவ் எங்கள் கல்லூரியைச் சேர்ந்த எம். அனந்த நாராயண ராவ்.

மூக்கில் பூக்கோசுபோல் சதை வளர்ந்து மாடு குறட்டை விடுவது அதற்கு முன்பே ஊரறிந்த நோய். காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. 1932-ல் வடக்கே மல்கானி, தத்தா ஆகியோர் அதை மூக்கின் ரத்தக்குழாயில் வாழும் தட்டைப்புழுவோடு இணைத்து எழுதினார்கள். ராவ் இங்கே கிடைத்த புழுவை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, மாட்டில் ஏற்கெனவே தெரிந்திருந்த ரத்தப்புழுக்களில் ஒன்று இல்லை, இது தனி இனம் என்று நிறுவினார். அத்தோடு விடவில்லை. நல்ல கன்றுகளுக்கு இந்தப் புழுவை ஏற்றி, நோயை வரவழைத்தும் காட்டினார். புழு இருப்பதைப் பார்ப்பது வேறு, புழுவால்தான் நோய் என்று காட்டுவது வேறு. அந்த இரண்டாவது வேலைக்குப் பொறுமை வேண்டும்.

புழு மூக்கின் சிரைக்குள் முட்டையிடும். முட்டை சதையைத் துளைத்துக்கொண்டு சளியோடு வெளியே வரும். மாடு குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது சளி நீரில் விழும். முட்டை பொரிந்து வரும் குஞ்சு, தட்டையாகச் சுருண்ட ஒரு நத்தைக்குள் புகும். இண்டோபிளனார்பிஸ் என்பது அந்த நத்தையின் பெயர், நம் ஏரி குளங்களில் சாதாரணமாகக் கிடைப்பது. அதற்குள் பல மடங்காகப் பெருகி, பிளந்த வாலோடு நீந்தி வெளியே வந்து, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வாய் வழியாகப் போக வேண்டியதில்லை.

எனக்கு மறக்காத ஒரு செய்முறை வகுப்பு. ஒரு சோதனைக் குழாயில் மாட்டுச் சளி, கெட்டித் தயிர்போல் இருந்தது. அதில் பொட்டாஷ் காரத்தை ஊற்றிக் கொதிக்கவைத்தோம். அறை முழுக்க நாற்றம், இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். சளி கரைந்து தண்ணீரானதும் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வளரி! மறவர் எறியும் வளரி இருக்கிறதே, அதே வளைவு. ஒரு முனையில் முள். அந்த முட்டையை ஒருமுறை பார்த்தவனுக்கு வேறு எதனோடும் குழப்பம் வராது.

ஆனால் நான் இங்கே உட்கார்ந்து உங்கள் லட்சுமிக்கு நோய் சொல்ல முடியாது. ஒரு பக்க மூக்கில் ரத்தம் வருவதற்கு அட்டை புகுந்திருந்தாலும் போதும். ரைனோஸ்போரிடியம் என்று இன்னொரு கிருமியும் மூக்கில் சதை வளர்க்கும். சளியைச் சோதிக்காமல் மருந்து போடாதீர்கள். ஒரு கேள்வி: இந்தப் பசு ஏரியிலோ குட்டையிலோ இறங்கியதுண்டா?

கொடுங்கையூர் பால்காரர்
புதன், காலை 9.25

டாக்டர் ஐயா, மிக்க நன்றி. இறங்கியது. போன வருடம் கொட்டகை வேலை நடந்தபோது ஆறு மாதம் செங்குன்றத்தில் மைத்துனர் வீட்டில் விட்டிருந்தேன். அங்கே ஏரிக்கரைப் பள்ளத்தில்தான் மாடுகள் கிடக்கும். ஆனால் ஒன்று இடிக்கிறது. மைத்துனரின் எருமைகள் நாள் முழுக்க அதே தண்ணீரில் ஊறுகின்றன. ஒன்றுகூடக் குறட்டை விடவில்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் எருமைக்கு ஏன் வரவில்லை?

பழைய வேப்பேரி
புதன், காலை 10.05

நல்ல கேள்வி. எருமைக்கும் வரும். அதன் மூக்கில் புழு குடியிருக்கும், முட்டையும் சளியில் போகும். ஆனால் பசுவைப்போல் பெரிய சதை வளர்வது குறைவு, அதனால் அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். குட்டைக்கு முட்டை சப்ளை செய்வது சத்தமே போடாத அந்த எருமையாகக்கூட இருக்கலாம். மைத்துனரிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள், குடும்பச் சண்டை ஆகும்.

புளியந்தோப்பு வாசகன்
புதன், மாலை 7.15

ராவ் கதை படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கால ஆராய்ச்சியை எல்லாம் புனித வேலையாக்கிவிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை. இங்கே மாட்டு நோய் ஆராய்ச்சி யாருக்காகத் தொடங்கியது? மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது 1871-ல். ஆய்வுக்கூடம் என்று ஒன்று புனேயில் வந்தது 1889-ல். அதை 1893-ல் இமயமலையில் முக்தேசருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறிக்கைக்கும் கூடத்துக்கும் நடுவே பதினெட்டு வருடம். அந்த இடைவெளியில் எத்தனை உழவர்களின் ஏர் நின்றிருக்கும்?

அதே சமயம் படைக்குதிரை செத்தால் மட்டும் உடனே ஆள் போகும். 1880-ல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் சுர்ரா நோய்க்கு ரத்தத்தில் நெளியும் கிருமியைக் கண்டார். பார்த்தது குதிரையையும் ஒட்டகத்தையும். அவருக்கும் அப்போது மருத்துவ உலகத்தில் மதிப்புக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது என்கிறோமே, அதில் பாதி மேய்ப்பவர்கள் முன்பே சொன்னது. அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். 1893-ல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் சோதித்துப் பார்த்து, உண்ணிதான் என்று எழுதினார்கள். உண்ணி போன்ற சிற்றுயிர் ஒன்று நோய் பரப்புகிறது என்பதற்கு மருத்துவத்தில் அது முன்னோடிச் சான்று. புகழ் யாருக்குப் போனது? மாட்டுக்காரன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பழைய வேப்பேரி
புதன், இரவு 8.50

வாசகன், உங்கள் கோபத்தில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். மறுபாதிக்குப் போட மாட்டேன். டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் உண்ணி என்று சொன்னது சரி. நம் ஊரில் மாட்டுக்கு எந்த நோய் வந்தாலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்களே, அதுவும் மேய்ப்பவர் அறிவுதான். சூட்டுத் தழும்பு விலாவில் வரிவரியாக இருக்க, உள்ளே நோய் அப்படியே இருந்த மாடுகளை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஸ்மித்தும் கில்போர்னும் செய்தது என்ன? உண்ணி உள்ள மாட்டை உண்ணி இல்லாத மாட்டோடு அடைத்தார்கள். இன்னொரு வேலிக்குள் அதே ஊர் மாடுகளை, உண்ணியை ஒன்றுவிடாமல் கையால் பொறுக்கிவிட்டு, வேறு மாட்டோடு அடைத்தார்கள். எது சரியான நாட்டு அறிவு, எது சூட்டுக்கோல் என்று பிரிக்க அந்த வேலி தேவைப்பட்டது.

நீங்கள் சொன்ன மாட்டுக் கொள்ளைநோய்தான் வெக்கை, ரிண்டர்பெஸ்ட். அந்தப் பெயரை இந்தத் தலைமுறை கேட்டிருக்காது. வாயெல்லாம் புண்ணாகி, கண்ணில் நீர் வடிந்து, துர்நாற்றக் கழிச்சலோடு ஒரு வாரம் பத்து நாளில் மாடு போய்விடும். தெருவே காலியாகும். முக்தேசரில் எட்வர்ட்ஸ் என்பவர் அந்தக் கிருமியை ஆட்டில் மாற்றி மாற்றி ஏற்றி வீரியம் குறைத்தார். 1920-களில் தொடங்கிய வேலை அது. இராணிப்பேட்டையில் 1932-ல் நமக்கென்று சீரம் நிலையம் வந்தது. 1954-ல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம். பனிக்கட்டி நிரப்பிய குடுவையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஆட்களில் நானும் ஒருவன். பனிக்கட்டி உருகுவதற்குள் ஊரைப் பிடிக்க வேண்டும், அதுதான் அன்றாடப் பந்தயம். இந்தியாவின் கடைசி வெக்கை 1995-ல், அதுவும் நம் தமிழ்நாட்டில். 2006-ல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடு. 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மனிதர்களின் பெரியம்மைக்கு அடுத்தபடியாகப் பூமியைவிட்டு விரட்டிய நோய் இது ஒன்றுதான். தொடக்கத்தில் நோக்கம் வரியோ குதிரையோ, எனக்குக் கவலை இல்லை.

மாதவரம் செல்வி
வியாழன், காலை 6.30

இழை சுவையாகப் போகிறது. நான் மாதவரம் பால் பண்ணைப் பக்கம் வளர்ந்தவள். 1989-ல் கால்நடைப் பல்கலைக்கழகம் வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் "மாட்டுக்கும் பல்கலைக்கழகமா" என்று சிரித்தோம்.

எனக்கு இரண்டு சந்தேகம். அப்பா ஆடு வைத்திருந்தபோது வேலியோரம் உண்ணிச்செடியைத் தின்ற ஓர் ஆட்டுக்குக் காதும் மூக்கும் வீங்கி, தோல் வெடித்து உரிந்தது. செடி வயிற்றுக்குள் போனால் காது ஏன் வீங்க வேண்டும்? இரண்டாவது, எங்கள் பசு ஒன்று குப்பையில் எலும்பு கிடந்தால் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் மெல்லும். அம்மா அதைப் பேய் பிடித்த மாடு என்பாள். இதற்கெல்லாம் யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா?

தண்டையார்பேட்டை டீச்சர்
வியாழன், பகல் 2.20

செல்வி, உன் இரண்டு கேள்விக்கும் ஒரே மனிதரைச் சொல்லலாம். அர்னால்டு தைலர், சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போன கால்நடை மருத்துவர். போன புதிதில் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் இடது கையைப் பறிகொடுத்தவர். ஒரு கையோடுதான் 1908-ல் ஆண்டர்ஸ்டபோர்ட் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், அவர் பெயரை நெருஞ்சி வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆம், நம் நெருஞ்சி முள். அங்கே செம்மறிகளுக்கு முகம் வீங்கி மஞ்சள் பூத்து ஆயிரக்கணக்கில் சாகும். உழவர்கள் அதற்கு வைத்த பெயரே "மஞ்சள் தடித்தலை" என்று பொருள்படும். தைலர் 1918-ல் செம்மறிகளை நெருஞ்சியில் மேயவிட்டு நோயை உண்டாக்கிக் காட்டினார். மழை பெய்து நெருஞ்சி தளதளவென்று எழும்பி, பிறகு வெயிலில் வாடும்போதுதான் ஆபத்து அதிகம்.

இப்போது உன் காதுக் கேள்வி. ஆடு தின்னும் பச்சையம் வயிற்றில் உடைந்து ஒரு நிறமிப் பொருளாக மாறும். ஈரல் நன்றாக இருந்தால் அதைப் பித்தத்தோடு கழித்துவிடும். உண்ணிச்செடியோ நெருஞ்சியோ ஈரலையும் பித்தக்குழாயையும் கெடுத்தால் அந்த நிறமி ரத்தத்திலேயே தங்கித் தோலுக்கு வந்துவிடும். அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். மயிர் குறைந்த இடம், வெளுத்த இடம், அதாவது காது, மூக்கு, கண்ணிமை முதலில் அடிபடும். தின்றது செடி, கெட்டது ஈரல், சுட்டது சூரியன். அதனால் முதலில் ஆட்டை நிழலில் கட்ட வேண்டும். என் பக்கத்து வீட்டில் ஒருவர் வீங்கிய ஆட்டை நல்ல காற்று படட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் கட்டியிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

எலும்புக் கதை இன்னும் சுவை. அங்கே மாடுகள் திடீரென்று கால் விளங்காமல் படுத்துச் செத்தன. தைலர் முதலில் ஏதோ செடியின் நஞ்சு என்றுதான் நினைத்தார். வருடக்கணக்கில் அந்த வழியில் தேடி ஏமாந்தார். கடைசியில் தெரிந்தது இது: மண்ணில் பாஸ்பரஸ் குறைவு, அதனால் புல்லில் குறைவு, அதனால் மாட்டுக்கு எலும்பின்மேல் ஆசை. செத்த மிருகங்களின் அழுகிய எலும்பை மென்றபோது அதிலிருந்த பாட்டுலிசக் கிருமியின் நஞ்சு உள்ளே போனது. மருந்து என்ன தெரியுமா? சுத்தமான எலும்புத்தூளைத் தீவனத்தில் சேர்த்தார்கள். எலும்பு ஆசை தீர்ந்தது, சாவும் நின்றது. உன் அம்மாவின் பேய்க்கும் தாது உப்புக் கலவை போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பெரியமேட்டுக்காரர்
வியாழன், இரவு 9.40

செடி நஞ்சு என்றதும் எங்கள் வீட்டுப் பேச்சு ஒன்று நினைவுக்கு வருகிறது. பாட்டனார் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தார். வேப்பேரிக் கல்லூரியின் மணி அடித்தால் மண்டியில் கேட்கும் என்பார். எங்காவது மாடுகள் கொத்தாகச் செத்தால் ஒரு வாரத்தில் பெரியமேட்டில் தோல் மலைபோல் குவியும், விலை விழும். கூடவே ஊரில் ஒரு பேச்சு கிளம்பும்: தோலுக்காக மாட்டைக் கொன்றுவிட்டார்கள்.

கொல்லும் முறை என்று சொல்லப்பட்டது குன்றிமணி ஊசி. விதையை ஊறவைத்துத் தோலை நீக்கி, விழுதாக அரைத்து, நெல் நீளத்துக்குக் கூராக உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். கல்போல் ஆகிவிடும். அதைக் கட்டையில் பொருத்தி மாட்டின் தோலுக்கடியில் குத்திவிட்டால் இரண்டு மூன்று நாளில் மாடு சாகும், மேலே பெரிய காயம் இருக்காது. வடநாட்டில் இதற்குச் சுதாரி என்று பெயர். கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இருவர் 1884-ல் இதை ஆராய்ந்தார்கள். குன்றிமணிக் கஷாயத்தில் நஞ்சாக வேலை செய்வது பாக்டீரியா என்று அப்போது ஒரு கருத்து ஓடிக்கொண்டிருந்தது. அது தவறு, நஞ்சு விதையில் உள்ள புரதப்பொருள்தான் என்று இவர்கள் காட்டினார்கள். பிற்பாடு 1891-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் அந்த நஞ்சையே துளித்துளியாக எலிகளுக்குக் கொடுத்து, நோய் எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கணக்கிட்டார். பொற்கொல்லர் தட்டில் எடைக்குக் கிடக்கிற மணி, எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

புளியந்தோப்பு வாசகன்
வியாழன், இரவு 10.15

ஐயா, குன்றிமணிக் கதையை இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் எப்படி? அதை வைத்துச் செத்த மாட்டை எடுக்கும் சாதியார் மொத்தப் பேரையும் கொலைகாரர்களாக எழுதியது காவல்துறை. செத்த மாட்டை அகற்று என்று கட்டாயப்படுத்துவதும் ஊர். செத்ததும் நீதான் கொன்றாய் என்பதும் ஊர். எங்கள் ஆட்டுத்தொட்டிப் பக்கம் இந்தப் பழிச்சொல்லை நான் சிறுவயதில் காதாரக் கேட்டிருக்கிறேன்.

பெரியமேட்டுக்காரர்
வியாழன், இரவு 10.50

நான் முடிக்கவில்லை, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். பாட்டனார் சொன்னதும் அதுதான். ஊசியால் செத்த மாடு நூற்றுக்கு எத்தனை, அடைப்பானில், அதாவது ஆந்த்ராக்ஸில், செத்த மாடு எத்தனை என்று அன்று யார் பார்த்தார்கள்? அடைப்பானிலும் மாலை தீனி தின்ற மாடு காலையில் விறைத்துக் கிடக்கும். தோல் உரித்த கூலியாளுக்குக் கையில் கறுத்த புண் வரும். பழியும் அவனுக்கு, புண்ணும் அவனுக்கு.

பழைய வேப்பேரி
வெள்ளி, காலை 5.30

பெரியமேட்டார் தொட்ட இடம்தான் என் தொழிலின் மையம். 1876-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் அடைப்பான் கிருமியின் வாழ்க்கையை முழுதாக வெளிப்படுத்தினார். 1881-ல் பாஸ்டர் பிரான்சில் ஊரைக் கூட்டி வைத்துத் தடுப்பூசியைச் சோதித்தார். ஊசி போட்ட செம்மறிகள் நின்றன, போடாதவை செத்தன. புத்தகத்தில் எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது காதுமடலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம். அதைத் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றினால் மூங்கில் கணுபோல் கோத்த கிருமிகள் தெரியும். தெரிந்தால் அடைப்பான், யாரும் கொல்லவில்லை. என் பணிக்காலத்தில் இரண்டு முறை அப்படி ஒரு தகடு, ஊர்ப் பஞ்சாயத்தில் கட்டிவைத்திருந்த ஆளை அவிழ்த்துவிட்டது.

ஒன்றை எல்லோரும் மனதில் வையுங்கள். திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாயில் உறையாத கறுப்பு ரத்தம் வந்தால் அந்த மாட்டை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி விதையாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும்.

கொடுங்கையூர் பால்காரர்
வெள்ளி, இரவு 11.45

இரண்டு நாளாக இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் மல்லிகா என்று ஒரு பசு இருந்தது, லட்சுமியின் தாய். ஆயுத பூசை முடிந்த இரண்டாம் நாள் இரவு செத்தது. மாலையில் கழிந்தது. கால்கள் சில்லென்று இருந்தன. தள்ளாடி விழுந்தது, விடியவில்லை. தெருமுனைக் கடைக்காரருக்கும் எனக்கும் மாடு கட்டுவதில் முன்பே தகராறு. "உன் மாடு என் வாசலுக்கு வந்தால் பார்" என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அவர்தான் எதையோ வைத்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் மறுத்தார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. மாட்டை யாரும் சோதிக்கவில்லை. வண்டி வந்து எடுத்துப்போனது.

இதற்கு இனி ஏதாவது தெரிய வழி உண்டா?

தண்டையார்பேட்டை டீச்சர்
சனி, காலை 7.00

ஆயுத பூசைக்கு மறுநாள் நம் பக்கத் தெருக்களை யோசித்துப் பாருங்கள். லேத் பட்டறை, ஆட்டோ நிறுத்தம், அச்சகம், எல்லா வாசலிலும் உடைத்த பூசணி, வாழைமரம், வாடிய மாலை. மாடுகளுக்கு விருந்து. அந்த மாலைகளில் செவ்வரளி எவ்வளவு! அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் நஞ்சு போகாது. பத்திருபது இலை ஒரு பெரிய மாட்டுக்குப் போதும் என்பார்கள். இதயத்தைத் தாக்கும் பொருள் அது. கழிச்சல், சில்லிட்ட கால், தாறுமாறான நாடி, பிறகு சாவு.

பழைய வேப்பேரி
சனி, காலை 7.35

டீச்சர் சொல்வது பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். அன்றே வயிற்றைத் திறந்திருந்தால் இலைத் துணுக்குக் கிடைத்திருக்கும், நாடி பார்த்திருந்தால் ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்லியிருக்கலாம். ஐந்து வருடம் கழித்து எதுவும் மிச்சமில்லை, தம்பி. கடைக்காரர் செய்யவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. செய்தார் என்று நீங்கள் சொன்னதற்கும் ஆதாரம் இருந்ததில்லை.

லட்சுமியின் சளியைக் கொடுத்தீர்களா?

கொடுங்கையூர் பால்காரர்
அடுத்த வியாழன், இரவு 9.20

கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் மூக்குச் சளியைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வேப்பேரி போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் அது என்ன என்று கேட்டார், நெய் என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மா சோதித்துவிட்டு என்னையும் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு குனிந்து பார்த்தேன். வளரிதான் ஐயா. மூன்று இருந்தன. சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். சதை வற்றச் சில வாரம் ஆகும், குட்டைப் பக்கம் விடக்கூடாது என்றார்கள். பால் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரரிடம் குறட்டை பசுவுடையது என்று சொன்னேன். நம்பவில்லை. இரவு பன்னிரண்டுக்குக் கொட்டகைக்கு வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

தெருமுனைக் கடையில் இன்று ஒரு தீப்பெட்டி வாங்கினேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு. சில்லறையை எண்ணித் தந்தார். வேறு ஒன்றும் பேசவில்லை.

பழைய வேப்பேரி
அடுத்த வியாழன், இரவு 9.55

மூன்று முட்டையைப் பார்த்தவர் நீங்கள், இனி பாதி வேப்பேரிக்காரர். இனி மைத்துனரிடம் சொல்லலாம். செங்குன்றத்து எருமைகளின் சளியையும் ஆளுக்கொரு குப்பியில் எடுத்து வரச் சொல்லுங்கள். அவற்றைப் பார்க்காமல் விட்டால் குட்டை அப்படியேதான் இருக்கும்.

கொடுங்கையூர் பால்காரர்
அடுத்த வியாழன், இரவு 10.20

சொல்லிவிட்டேன் ஐயா. மைத்துனர் கேட்கிறார், பன்னிரண்டு எருமை, எந்த எருமை மூக்கில் யார் கையை விடுவது என்று.